யார் கையால்

“தப்பில்லைன்னா நான் எதுக்கு உங்களை மன்னிக்கணும், டாக்டரம்மா? தப்புன்னா நீங்க எதுக்குச் செய்யணும்?”

குர்பான்அலி இதைக் கேட்பது மூன்றாவது முறை. ஈரானில், ரஃப்சன்ஜானில் பிஸ்தா தோட்டம் வைத்திருப்பவர். பக்கத்தில் அவர் மனைவி மஹ்நிகார் தலையோடு போர்த்திய சாதரின் ஓரத்தைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வயிற்றிலிருந்த குழந்தைக்கு மண்டையோடே உருவாகவில்லை. கலைக்கலாம் என்று சட்ட மருத்துவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் மார்க்கப்படி கருவுக்குள் உயிர் ஊதப்படுவதற்குள், நான்கு மாதம் நிறைவதற்குள் செய்தாக வேண்டும். நாளையோடு நிறைகிறது.

அனுமதி இருந்தாலும் கலைப்பவர் கருவின் வாரிசுகளுக்கு உயிருக்கு ஈடாக இரத்தப்பணம் தர வேண்டும் என்கிறார் குர்பான்அலி பின்பற்றும் மார்க்க அறிஞர். வாரிசுகள் யார்? இதே பெற்றோர்தான். அவர்கள் கேட்டுத்தான் செய்கிறேன், அவர்களுக்கே கடன்படுகிறேன்! அவர்கள் மன்னித்தால்தான் அந்தக் கடன் தீரும். வாயால் சொன்ன மன்னிப்பை நம்பிய என் டாக்டர் தோழி ஒருத்தி இன்னமும் கோர்ட்டுப் படி ஏறிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை என்று என் வாய்வரை வந்தது. அந்த அறையில் அதை எப்படிச் சொல்வது? எரிச்சலோடு விழுங்கினேன்.

“மனசுல மன்னிச்சுட்டேன்” என்றார் குர்பான்அலி. “கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. போட்டா, இங்க ஒரு கொலை நடந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“அப்ப மாத்திரையை உங்க மனைவியே எடுத்துப் போட்டுக்கட்டும்” என்றேன். மருத்துவமனை வக்கீல் சொல்லிக்கொடுத்த வழி. யார் கையால் மாத்திரை உள்ளே போகிறதோ அவர் தலையில்தான் பொறுப்பு. “அந்தப் பணத்தை இவங்க உங்களுக்குத் தரணும். எனக்குச் சம்பந்தமில்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு கேவலமாகப் பேசினேன் என்று உறைத்தது.

மஹ்நிகார் சாதரை வாயிலிருந்து எடுத்தாள். “குடுங்க, டாக்டரம்மா.” கணவர் பக்கம் திரும்பினாள். “நிக்காஹ் அன்னிக்கு நூத்திப் பதினாலு தங்கக்காசு எனக்குத் தரவேண்டிய மஹர்னு எழுதிக் குடுத்தீங்களே, ஒண்ணைக் கண்ணால பாத்திருப்பேனா? அதுல கழிச்சுக்கங்க.”

 

நான் மாத்திரைகளை அவள் கையில்கூடக் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டேன். அவள் எடுத்துக்கொண்டாள். குர்பான்அலி எழுந்து ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார். பாதி மேசையில் கொட்டியது. தம்ளரை நீட்டப் போனவர் என்னைப் பார்த்தார்.

“என் கையால தண்ணி குடுத்தா?” என்றார்.

தம்ளர் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது.