டெஸ்ட்தான்மா

கொழுந்தன் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு மின்விசிறியைச் சொருகினான். ஹாலில் கிடத்தியிருந்தவரின் சட்டைக் காலர் லேசாக ஆடியது. அதே சுவரில் மேலே இருந்த அலாரப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரிந்தது. பெட்டி ஒருமுறை கீச்சிட்டது.

"என்னண்ணி சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். கொழுந்தன் பிடுங்கியது பெட்டியின் பிளக்; கரண்ட் போய்விட்டது, பேட்டரிக்கு மாறிவிட்டேன் என்று அது கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஃபோன் வரும்.

அந்த நிலையத்தில்தான் அவள் கணவருக்கு வேலை. கடைகள், வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் திருட்டு, தீ, ஆபத்து என்று சிக்னல்கள் வந்து சேருமிடம். அவற்றை வாங்கிக்கொள்ளும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அதேபோல் இன்னொன்று சும்மா நிற்கும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது சட்டென்று வேலைக்கு வரவேண்டும். அந்தச் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். ஆபீசில் அவருக்கு 'ஸ்பேர்' என்று பட்டப்பெயர். வீட்டிலும் டார்ச் இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, எல்லாச் சாவியும் இரண்டு.

"பொண்டாட்டி மட்டும் ஒண்ணே ஒண்ணா, பாவம்" என்பாள் அவள்.

"அதுக்கே மெயின்டெனன்ஸ் தாங்கல."

லீவு நாளிலும் மனிதர் சும்மா இருக்கமாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள சிவப்பு ஆபத்துப் பொத்தானை அமுக்கி, இரண்டாவது இயந்திரம் அதை வாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்பார். முன்கூட்டியே சொல்லிவிட்டு அமுக்கினால் அது டெஸ்ட்டே இல்லை என்பது அவர் கட்சி. உடனே நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஃபோன் வரும். அடுப்படியில் நின்றபடியே அவள் பதில் சொல்வாள்.

நேற்றுக் காலையும் வந்தது. சட்டியில் வெங்காயம் கருகுகிற பதத்தில் இருந்தது. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "டெஸ்ட்தான்மா, அவருக்கு வேற வேல இல்ல" என்றாள்.

அந்தப் பக்கத்துப் பெண் சிரித்தாள். "சரிக்கா. சாரை டீ குடிக்கச் சொல்லுங்க."

அவள் டீயை எடுத்துக்கொண்டு போனபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். ஒரு கை மட்டும் மேலே, பொத்தானைப் பிடித்தபடி இருந்தது. அந்தக் கையை விலக்கிவிட்டு அவளே அமுக்கினாள். ஆம்புலன்ஸ் வேகமாகத்தான் வந்தது. எந்த இயந்திரமும் மக்கர் பண்ணவில்லை.

"முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாரா, டாக்டர்?"

"அதெல்லாம் இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

ராத்திரி வந்து சேர்ந்த மகள் அழுது ஓய்ந்தபின் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லையாம்மா?" அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இப்போது அடுப்படி ஜன்னலிலிருந்து வாசல் தெரிந்தது. நிலையத்து ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நேற்று ஃபோனில் சிரித்த பெண் மட்டும் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரத் தைரியமில்லாமல், துப்பட்டா முனையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது?

ஃபோன் அடித்தது. மகள் எடுக்கப் போனாள். "விடு, நான் எடுக்கறேன்" என்றாள் அவள்.

புதுக் குரல். இன்றைக்கு மட்டும் உட்காரவைத்த ஆளாக இருக்கும்.

"மேடம், உங்க வீட்ல மெயின் பவர் போயிருக்குன்னு காட்டுது. டெஸ்ட் எதாவது பண்றீங்களா?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருப்பா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

ஃபோனை அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள். பிறகு கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றே?" மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

அடுப்படியில் ஃபோன், "மேடம்... லைன்ல இருக்கீங்களா மேடம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தது.