டீக்கடை வரிசை

"என்னங்க, தையல்காரர்கிட்ட பச்சை நூல்தான் போடணும்னு சொல்லுங்க. போன தடவ வெள்ளையைப் போட்டுட்டாரு. குடை பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது."

வடிகட்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள். அவள் கணவர் குடைக்காரர் கிழிந்த கடற்கரைக் குடையைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"உன் கடைக்கு வர்றவன் டீயைக் குடிப்பானா, என் குடையில நூலைத் தேடுவானா?"

"என் டீயைக் குடிச்சவன் கண்ணை மூடிக்குவான். கண்ணைத் தொறந்தா உங்க குடையைப் பாத்துத்தான் சிரிப்பான். போயிட்டு வாங்க."

தையல்காரர் ஊசியில் பச்சை நூலைக் கோத்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஜனங்கள் ஓடிவந்தார்கள். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். குடைக்காரருக்கு அது முதலில் ஏதோ வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. ஓடிவந்தவர்களில் ஒருவர் காலில்கூடச் செருப்பு இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் அவர் குடையைப் போட்டுவிட்டுக் கரையை நோக்கி ஓடினார்.

மனைவியை மறுநாள் கண்டெடுத்தார்கள். கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, யாரோ ஒருவர் வீட்டு இரும்புக் கதவோரம் கிடந்தாள். அந்த வீட்டுக்காரர்களை அவளுக்கு முன்பின் தெரியாது.

அந்தக் கரையில் இருந்த கடைகள் ஒன்றும் பெரிய கடைகள் அல்ல. குடைக்காரர் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விட்டார். டியூப்காரர் நீச்சல் தெரியாதவர்களுக்குக் காற்றடைத்த லாரி டியூப்களைக் கொடுத்தார். சங்குக்காரம்மா சிப்பியில் கண்ணாடிச் சட்டமும் மாலையும் செய்து விற்றாள். குதிரைக்காரன் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிக் கரையோரம் நடத்திக்கொண்டு போவான். இன்னும் பட்டம், பலூன், ஈரத்துணி மாற்றிக்கொள்ள ஒரு தகர அறை. இந்த வரிசையின் தலைமாட்டில் குடைக்காரர் மனைவியின் டீக்கடை இருந்தது. ஊரார் வாயில் அந்த வரிசை முழுக்கவே 'டீக்கடை வரிசை' ஆகிப்போனது. பெயர் அப்படி இருந்தாலும் டீக்கடை என்னவோ ஒன்றே ஒன்றுதான்.

நிவாரணக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கெட்டவள் அல்ல. தூங்காமல் அலைந்து குரலே கம்மிப் போயிருந்தது. முகாமில் யாரிடமோ, "கரையில என்னென்ன போச்சு?" என்று கேட்டாள். "டீக்கடை வரிசையே போயிடுச்சும்மா, ஒண்ணு மிச்சமில்ல" என்றார் அவர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளைத் தொலைபேசியில் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னாள்.

சில வாரங்களில் லாரி வந்தது. வரிசையில் பிழைத்தவர்கள் ஆளுக்கொரு தள்ளுவண்டி பெற்றார்கள். எல்லாம் ஒரே நீல நிறம். ஒவ்வொன்றிலும் அடுப்பு, கொதிகலம், வடிகட்டி, ஒரு டஜன் கண்ணாடித் தம்ளர். அத்தனையும் டீக்கடைகள்.

குதிரைக்காரன் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அலை வந்த அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தப்பித்த அவன் குதிரை, வண்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அண்ணே, எனக்குச் சேணம்தான் வேணும்னு சொல்லிரட்டுமா?"

"சொல்லேன்."

"நீங்க சொல்லுங்கண்ணே. பெரியவங்க."

"ஏன், உனக்கு வாய் இல்லயா?"

"வாயைத் தொறந்தா இதையும் வாங்கிட்டுப் போயிருவாங்களோன்னு இருக்குண்ணே."

எல்லாருக்கும் அந்தப் பயம்தான். கொடுக்கிற கையை யார் தட்டிவிடுவார்கள்? வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள்.

குடைக்காரர் முதல் நாள் அடுப்பைப் பற்ற வைத்தார். இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் நின்றிருந்தும், தூளை முதலில் போடுவதா பாலை முதலில் ஊற்றுவதா என்று அவர் கவனித்ததே இல்லை. போட்ட டீயை ஒரு வாய் குடித்தார். மீதியை மணலில் ஊற்றிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கரைக்கு வந்த ஒன்றிரண்டு குடும்பங்களும் நிற்கவில்லை. உட்கார நாற்காலி இல்லை, தலைக்கு நிழல் இல்லை, பிள்ளைகள் ஏறக் குதிரை இல்லை. வெயிலில் நின்றுகொண்டு எத்தனை டீ குடிக்க முடியும்? முன்பெல்லாம் மனிதர்கள் குளித்து, ஆடி, களைத்துப்போய்த்தான் டீக்கு வருவார்கள்.

வந்தவர்களையும் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஒருநாள் ஒரு கணவன் மனைவியைச் சங்குக்காரம்மா "வாங்க வாங்க" என்று அழைக்க, குதிரைக்காரன் குறுக்கே வந்து நின்றான்.

"ஏம்பா, என்கிட்ட வந்தவங்களை மறிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"

"உங்க டீயைக் குடிச்சிட்டு அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கா? போன வாரம் என் குதிரையே துப்பிருச்சு!"

வேறொரு காலமாக இருந்தால் அவளே முதலில் சிரித்திருப்பாள். அன்று கையிலிருந்த தம்ளரை எறிந்தாள். அது பக்கத்திலிருந்த அவன் வண்டியில் பட, கொதிகலம் சாய்ந்தது. வெந்நீர் அவள் காலில் கொட்டியது. அலையில் ஒரே மகனை இழந்தபோதுகூட ஊர் கேட்க அழாதவள், அன்று மணலில் உட்கார்ந்து அலறினாள். குதிரைக்காரன் தன் சட்டையைக் கழற்றி நனைத்து அவள் காலில் சுற்றினான். "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் குடைக்காரரிடம் வந்தான். "குதிரையைக் குடுத்துரலாம்னு இருக்கேன்ணே. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறாங்க. வண்டி இழுக்க."

குடைக்காரரும் நகரத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வைத்திருந்தார். இந்தக் கரை இனி இவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

வெள்ளிக்கு முந்தின நாள், வண்டிகளுக்குப் பணம் கொடுத்த பெரியவரை அழைத்துக்கொண்டு நிவாரணக் குழுப் பெண் வந்தாள். துவைத்த சட்டையோடு எல்லாரும் அவரவர் வண்டி அருகில் நின்றார்கள். பெண் குடைக்காரரிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. சாருக்குத் திருப்தியா இருந்தா, அடுத்த கரைக்கும் இதே மாதிரி வண்டி வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

'இதே மாதிரி' என்ற சொல் அவருக்குள் எங்கோ இடித்தது. கால்கட்டோடு நின்ற சங்குக்காரம்மாவைப் பார்த்தார். பேச வாயெடுத்தபோது நன்றி என்பதற்குப் பதில் வேறு ஒன்றுதான் வந்தது.

"இங்க டீக்கடை ஒண்ணுதாங்க இருந்துச்சு. நடத்தினது என் சம்சாரம். அவ போயிட்டா."

பெண் நீல வண்டிகளைப் பார்த்தாள்.

"அப்ப... நீங்கல்லாம்?"

"நான் குடை போடறவன். அவரு டியூப்பு. இந்தம்மா சங்கு. அவன் குதிரை. பேருதாம்மா டீக்கடை வரிசை."

"ஐயோ, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா!" அவள் குரல் உடைந்தது.

"சொல்லியிருக்கணும். பயந்துட்டோம், அது எங்க தப்பு. ஆனா நீங்களும் கேக்கலியேம்மா. செத்தவங்க எத்தனை பேருன்னு ஒவ்வொரு குடிசையா வந்து கேட்டீங்க. இருக்கறவங்க என்ன செஞ்சு பொழைச்சாங்கன்னு யாருமே கேக்கல."

பெரியவர் தொண்டையைச் செருமினார். பெண் அவருக்காகக் காத்திருக்கவில்லை. புடவை மணலாகும் என்றும் பார்க்காமல் சங்குக்காரம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க கடையில என்னென்ன இருந்துச்சு? முதல்லேருந்து சொல்லுங்க."

சங்குக்காரம்மா, "சின்ன அரம் ஒண்ணு இருந்துச்சும்மா. சிப்பி ராவ. அது இருந்தாப் போதும். சிப்பியை இந்தக் கடலே கொண்டாந்து போடும்" என்றாள். பிறகு மகனைப் பற்றிச் சொன்னாள். பெண் அதையும் கேட்டுக்கொண்டாள்.

புறப்படும்போது அவள் பெரியவரிடம் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னாள்: "சார், இனிமே எந்தக் கரைக்குப் போனாலும் வண்டியோட போகக் கூடாது. வெறுங்கையோட போயி, உக்காந்து, கேக்கணும். இழந்தவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். கேக்காம குடுக்கறது நம்ம மனசு ஆறத்தான்."

வெள்ளிக்கிழமை குதிரை பார்க்க வந்தவர்களைக் குதிரைக்காரன் திருப்பி அனுப்பினான். நீல வண்டிகளை விற்று டியூப்பும் அரமும் சேணமும் வாங்கினார்கள். ஒரு வண்டியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதைச் சங்குக்காரம்மாவின் தங்கை நடத்தினாள். டீ சுமாராகத்தான் இருந்தது. குடைக்காரர் அந்தப் பக்கம் போவதில்லை. திரும்பி வராதவர்களின் இடங்கள் வரிசையில் பொக்கை வாய் போலக் கிடந்தன.

அவருக்குப் புதுக் குடைகள் வந்தன. மணலில் குழி தோண்டி நட்டார். மத்தியானம் ஆனதும் எழுந்து ஒவ்வொன்றையும் கடலைப் பார்க்கச் சாய்த்துத் திருப்பி வைத்தார். அந்த நேரத்துக்குக் காற்று கடலிலிருந்துதான் வீசுகிறது.