முக்காட்டம்மாவின் கரடி

எழுபத்து நாலாம் வருஷம் பங்குனி மாதத்தில் தனகோடியின் வலது மணிக்கட்டு உடைந்தது. உடைத்தவன் வேறு யாருமில்லை, தாலி கட்டியவன்தான். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த தேசப்பன், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லி உப்பு வாரும் பலகையின் கழியை ஓங்கினான். நாள் முழுக்க உப்பிலேயே நிற்கிற பெரிய மனுஷனுக்கு நாக்கில் மட்டும் அது ஆகவில்லையாம். தலைக்கு வந்த அடியை அவள் கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த குடிசை வரை கேட்டது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி வீட்டு விவகாரத்தில் தலை கொடுத்தால் மறுநாள் அளத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறு வருஷமாக இதே கதைதான். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள் என்றால் ஒரே காரணம், ஐந்து வயது மகள் ஜெயா மேல் அவன் இதுவரை கை வைத்ததில்லை. ஆனால் தனகோடிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஜெயாவுக்கு அப்பன் நெற்றி, அப்பன் மூக்கு. கோபம் வந்தால் அப்பனைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். எல்லாம் வரட்டும், அந்தக் கை மட்டும் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது என்று தனகோடி வேண்டாத சாமி இல்லை.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு அவளால் பலகை பிடிக்க முடியவில்லை, கூடை தூக்க முடியவில்லை. அளத்து முதலாளி ராஜாங்கம் அவளைக் கீற்றுக் கொட்டகையில் உட்கார வைத்தார். இரக்கத்தால் அல்ல. வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளை அழுகிறது, பிள்ளை பாத்தியில் விழுந்துவிட்டது என்று பத்து தடவை ஓடுகிறார்கள், உப்பு வாருவது கெடுகிறது. பதினோரு பிள்ளைகளையும் ஓரிடத்தில் கட்டிப்போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் தன் பிள்ளைகள் படித்து முடித்த மூன்று படப் புத்தகங்களையும் கொண்டுவந்து போட்டார். எங்கோ வெளிநாட்டில் தமிழிலேயே அச்சடித்த புத்தகங்கள். கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம்.

தனகோடிக்கு எழுத்து தெரியாது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவளும் சொல்லவில்லை. விரலை எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டே படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் எழுதியவரின் போட்டோ இருந்தது. ரயில் எஞ்சின் புத்தகத்தை எழுதியவர் மீசைக்காரர். சேவலும் பூனையும் வருகிற புத்தகம் கண்ணாடிக்காரருடையது. மூன்றாவதை எழுதியது ஒரு பொம்பளை. அளத்தில் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிற பெண்களைப் போலவே தலையில் துணி போட்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் முக்காட்டம்மா என்று பெயர் வைத்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்ததுமே சண்டை தொடங்கும். இரண்டு பையன்கள் மீசைக்காரர் கட்சி. கண்ணாடிக்காரரை அழுமூஞ்சிகள் மட்டும் கேட்டார்கள். மற்ற எல்லோருக்கும் முக்காட்டம்மாதான். ஜெயா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

முக்காட்டம்மாவின் புத்தகம் முழுக்க ஒரே வெள்ளை. தரை வெள்ளை, மேடு வெள்ளை, மரத்தின் தலையும் வெள்ளை. தனகோடி முதல் தடவை பார்த்தபோதே சொல்லிவிட்டாள், இது பெரிய உப்பளம் என்று. ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை. கண் விழித்ததிலிருந்து அவர்கள் பார்க்கிற வெள்ளை அது ஒன்றுதானே. வெள்ளை மேட்டின் மேல் வெள்ளைக் கரடி ஒன்று நின்றது. தெருவில் வித்தை காட்ட வருகிறவன் கூட்டிவரும் கரடி கறுப்பு. இது உப்பு அம்பாரத்தில் புரண்டதால் வெளுத்துவிட்டது என்றாள். அதையும் நம்பினார்கள்.

முதல் பத்து நாள் கரடி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை தனகோடி கிழிந்த உதட்டோடும் வீங்கிய கன்னத்தோடும் கொட்டகைக்கு வந்தாள். கரடி நல்லதா கெட்டதா என்று ஜெயா கேட்டாள். அம்மாவைக் காலால் உதைக்கிற கரடி என்று தனகோடி சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்த அம்மா என்ன செய்தாள் என்று பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள்.

"கட்டைய எடுத்து அதும் முட்டியில போட்டா. முட்டி பேந்துபோச்சி."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பொய் சொல்வானேன், தனகோடிக்கும் இனித்தது. கட்டுக்குள் நமநமவென்று குடைந்துகொண்டிருந்த வலி கொஞ்ச நேரம் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து கரடிக்குப் போதாத காலம். தேசப்பன் இரவு ஒன்று கொடுத்தால் மறுநாள் கரடிக்கு நாலு விழுந்தது. செவ்வாய்க்கிழமை அதன் பல் கொட்டியது. புதன்கிழமை ஊரே திரண்டு உப்புக் கட்டியால் அடித்தது. வியாழக்கிழமை அதன் கண்ணில் உப்பை அள்ளித் தேய்த்தார்கள். உப்பு கட்டுவதற்கு முன்னால் பாத்தித் தண்ணீர் சிவக்கும் அல்லவா, அது கரடியின் ரத்தம் என்றாள். பிள்ளைகள் எழுந்து ஓடிப்போய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சின்னது ஒன்று கரடி பாவம் என்று முனகியது. கரடி அழுதால் நம்பாதீர்கள், அழுதுவிட்டு மறுபடி வந்து உதைக்கும் என்று முக்காட்டம்மா எழுதியிருக்கிறார் என்று தனகோடி விரல் வைத்துக் காட்டினாள். அந்த வரி அவள் சொந்த அனுபவம். தாலி கட்டியவன் காலில் விழுந்து அழுத நாட்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

ஜெயா மட்டும் கை தட்டமாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு படத்தையே பார்ப்பாள். தனகோடி அதைக் கவனித்தாள். கதை கேட்கிற அக்கறை என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். உச்சி வெயில். தூளியில் கிடந்த கைக்குழந்தை பாலுக்கு வீறிட்டது. அதன் தாய் கடைசிப் பாத்தியில் இருந்தாள். தனகோடி பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு வரப்பு மேல் நடந்தாள். போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. வந்தால் கொட்டகையில் சத்தமில்லை. தூளியில் கிடந்ததைத் தவிர ஒரு பிள்ளை இல்லை. அவள் வெளியே ஓடினாள்.

அம்பாரத்துக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில், அளத்தில் கூடை தூக்கும் குப்பம்மாளின் மகன் முருகையன். நாலு வயதுப் பிள்ளை. தலையிலிருந்து கால் வரை உப்பை அப்பி அவனைக் கரடியாக்கியிருந்தார்கள். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கொட்டியது. வலது கண் திறக்கவில்லை, இமைக்குள் உப்புப் பொடி. முன்பல் ஒன்று மண்ணில் கிடந்தது. அழுது அழுது தொண்டை அடைத்துப்போய் அவனுக்கு வெறும் விக்கல்தான் வந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் உப்புக் கட்டியைக் குறி பார்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். ஜெயா கையில் விறகுக் கட்டை. அதை இரண்டு கையாலும் பிடித்து அவன் முட்டியில் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

தனகோடி பாய்ந்து பிடித்து இழுத்தாள். மகள் திமிறினாள்.

"உடும்மா. இன்னும் சாவல. அது அழுதா நம்பக் கூடாதுன்னு முக்காட்டம்மா சொல்லியிருக்காங்க."

 அந்த வார்த்தையைச் சொன்ன வாய் எது என்று தனகோடிக்குத் தெரியாதா?

அதற்குள் யாரோ கத்த, வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பலகையையும் கூடையையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். குப்பம்மாள் மகனைப் பார்த்தாள். அவனைத் தூக்கவில்லை. முதலில் தனகோடியின் முகத்தில் கூடையால் அடித்தாள். பிறகு தலைமயிரைப் பிடித்துக் கீழே தள்ளி, இதற்கா உன்னை உட்கார வைத்தார்கள் என்று மார்பில் மிதித்தாள். தனகோடி தடுக்கவில்லை. அந்த அடி நியாயமானது என்று அவளுக்குப் பட்டது. குப்பம்மாளை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தபின் அவள் மகனை மடியில் போட்டுக்கொண்டு மாரடித்து அழுதாள்.

தேசப்பன் வந்தான். யார் செய்தது என்று கேட்டான். பத்து விரல் ஜெயாவைக் காட்டியது. அத்தனை பேர் முன்னால் மேஸ்திரிக்கு மானம் போயிற்று. ஜெயாவின் சடையைப் பிடித்துச் சுருட்டி, கழியை ஓங்கினான். மகள் மேல் அவன் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. தனகோடி கிடந்த இடத்திலிருந்து எழுந்து இடையில் விழுந்தாள்.

"அவள உடு. புத்தகத்துல ஒண்ணும் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. எல்லாம் நானா சொன்னது."

தேசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு பையனை விட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னான். தேசப்பன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அந்தத் திமிரோடு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். உறைபனி கொட்டுகிற நாட்டில் ஒரு சிறுவன் வழி தப்பிவிடுகிறான். வெள்ளைக் கரடி அவனை முதுகில் ஏற்றிக்கொள்கிறது. வீட்டு வாசலில் விளக்கோடு நிற்கிற அம்மாவிடம் கொண்டுபோய் விடுகிறது. அம்மா கரடிக்கு ஒரு கிண்ணம் தேன் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை.

 கட்டிகளைக் கையில் வைத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கீழே போட்டார்கள்.

"இதுல எங்கடி அடி இருக்குது? எங்கடி ரத்தம் இருக்குது?" என்று கேட்டுவிட்டு தேசப்பன் கழியால் அவள் தோளில் போட்டான். யார் எதைக் கேட்கிறது பாருங்கள். அவள் குனிந்தாள். முதுகில் ஒன்று விழுந்தது. உடைந்த கையைத் தூக்கினாள், அதன் மேலேயே இன்னொன்று விழுந்தது. மூங்கில் பத்தை தெறித்து ஓடியது. தனகோடி அலறிக்கொண்டு உப்புத் தரையில் உருண்டாள். புழுதி கண்ணிலும் வாயிலும் புகுந்தது.

கண்ணைத் துடைத்துத் திறந்தபோது எதிரே ஜெயா நின்றாள். கட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. உதட்டைக் கடித்திருந்தாள்.

"முக்காட்டம்மா சொல்லல. நீ பொய் சொன்ன."

சொல்லிக்கொண்டே கட்டையைப் பெற்றவள் முகத்தில் போட்டாள். மூக்கு உடைந்து ரத்தம் உதட்டில் இறங்கியது. ஐந்து வயதுக் கைதான். குறி தப்பவில்லை. மறுபடி ஓங்கினாள்.

தேசப்பன் கழியை இறக்கினான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னான்.

"பார்த்தீங்களா, எம் பொண்ணு. என் ரத்தம்."

தனகோடி எழுந்தாள். இடது கையால் மகளிடமிருந்து கட்டையைப் பிடுங்கினாள். பெண்ணின் மண்டை உடையப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அதைப் பாத்தித் தண்ணீரில் வீசினாள். ஆறு வருஷமாகப் புருஷன் முகத்தை நேராகப் பார்க்காதவள் அன்றைக்குப் பார்த்தாள்.

"உன் ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெனம் உக்காத்தி வெச்சி நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடித்த அடியில் வந்த அழுகை இல்லை அது. இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அதைத் தன் வாயாலேயே ஊட்டி வளர்த்திருக்கிறாளே, அந்த வெட்கத்தில் வந்தது.

ஜெயாவின் கையைப் பிடித்துக் குப்பம்மாளிடம் இழுத்துப் போனாள். குப்பம்மாள் காலால் தள்ளினாள். தனகோடி போகவில்லை. பல்லால் கடித்து முந்தானையைக் கிழித்தாள், குடிதண்ணீர்ப் பானையில் நனைத்தாள். முருகையன் கண்ணிலிருந்த உப்பைத் துடைத்தாள். பிறகு துணியை மடித்து மகள் கையில் வைத்து, அந்தக் கையை அவன் புருவத்துப் பிளவின் மேல் அழுத்தினாள். முருகையன் ஜெயாவைப் பார்த்து வீறிட்டான். துணி சிவந்தது. ஜெயா கையை உருவப் பார்த்தாள். தனகோடி தன் கையை அதன் மேல் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

எழுந்து வாடி என்று பின்னால் தேசப்பன் கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. கழி முதுகில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. மறுபடி விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது, ஜெயாவின் தோள் நடுங்கியது. ரத்தம் நிற்கும் வரைக்கும் அந்தச் சின்னக் கையை அவள் விடவில்லை.