வெளிக் கதவு

டோபி எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தான். ஒரு முட்டையை அவித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்று முடித்தான். கசங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பாலத்தில் எதிர்காற்று. மனைவி இமோஜென் போன பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

ஆக்ஸ்போர்டின் பழைய கல்லூரிகளைச் சுற்றிக்காட்டுவது அவன் பிழைப்பு. அவள் பாடம் நடத்திய கல்லூரிக்குள் மட்டும் அவன் போவதில்லை. அவனும் படித்த இடம்தான் அது. அன்று அங்கே போக வேண்டிய இன்னொரு வழிகாட்டிக்குக் காய்ச்சல் வந்துவிட, மறுக்க முடியவில்லை.

வாசல் காவலர் டெஸ்மண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் அதே கோட்டுதானா தம்பி? வர்றவங்க பிச்சைக்காரன்னு நினைச்சுச் சில்லறை போட்டுடப் போறாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இமோஜென் இருந்த அறைக்கு மறுநாள் புது ஆள் குடிவருகிறாராம். "அந்த வெளிக் கதவ நினைச்சுப் பயப்படாத. தச்சன வச்சுக் கழட்டி நிலவறைல போட்டாச்சு."

டோபி தலையாட்டினான்.

கூட்டம் லீட்ஸ் நகரிலிருந்து வந்திருந்தது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். முற்றத்துப் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி ஓரமாகவே நடத்திச் சென்றான். கூரை விளிம்பில் வரிசையாகக் கல் தலைகள். மழை தின்று மூக்கும் வாயும் போய்விட்டன. மிஸஸ் ஹேவர்ஸ் என்ற அம்மாள், எல்லாத் தலையும் ஏன் அந்த மூலைப் படிக்கட்டையே பார்க்கின்றன என்று கேட்டார். டோபி நிமிர்ந்து பார்த்தான். உண்மைதான். இத்தனை வருஷத்தில் அவன் கண்ணில் பட்டதே இல்லை.

மூலைப் படிக்கட்டில் கற்கள் நடுவில் குழிந்திருந்தன. ஏறிக்கொண்டே வழக்கத்தைச் சொன்னான். இங்கே ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு. வெளியே இருப்பது கனமான ஓக் மரக் கதவு. அது திறந்திருந்தால் யாரும் வரலாம். சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவர் வேலையாக இருக்கிறார். நண்பனானாலும் கல்லூரித் தலைவரானாலும் தட்டக் கூடாது.

"நெருப்புப் பிடிச்சாலுமா?" என்றார் மிஸஸ் ஹேவர்ஸ்.

"அப்பவும் கொஞ்சம் யோசிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

இமோஜென் போன அன்று மத்தியானம் அவன் சாண்ட்விச் பொட்டலத்தோடு இதே படிகளில் ஏறி வந்தான். வெளிக் கதவு சாத்தியிருந்தது. பொட்டலத்தை ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் இறங்கிவிட்டான். இரவு அவள் வீடு திரும்பாததால் டெஸ்மண்ட் வந்து கதவைத் திறந்தார். மேஜையடியில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மத்தியானமே யாராவது பார்த்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைசியாக என்ன சொன்னாள் என்று விசாரணையில் கேட்டார்கள். நினைவில்லை என்றான். நிஜமாகவே நினைவில்லை. அதைத் தேடாமல் அவன் ஒரு நாளும் தூங்கியதில்லை.

முன்னால் ஏறிய மிஸஸ் ஹேவர்ஸ் மேல் தளத்திலிருந்து கிசுகிசுத்தார். "இங்க யாரோ வேலையா இருக்காங்க போல. சாத்தியிருக்கே."

டோபி மேலே வந்தான்.

நிலவறையில் கிடப்பதாகச் சொன்ன இமோஜென் அறையின் கறுத்த ஓக் கதவு தன் இடத்தில் நின்றது. கீல்களில் பழைய தூசி அப்படியே படிந்திருந்தது. இடுப்புயரத்தில், அவள் மேலே தூக்கி வந்த சைக்கிளின் கைப்பிடி இடித்த கீறல்கூட இருந்தது.

உணவுக்கூடத்தை டெஸ்மண்ட் காட்டுவார் என்று சொல்லி அவர்களை அனுப்பினான். யாருடைய வேலையோ கெடக் கூடாதென்று நுனிக்காலில் இறங்கினார்கள். அவனும் திரும்பினான். கால் தானாகவே ஒரு படி இறங்கியது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

படிக்கட்டில் காற்று நின்றுபோயிருந்தது. கீழே போனவர்களின் பேச்சு கேட்கவில்லை. டோபி மறுபடி ஏறினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, சாத்திய ஓக் கதவை விரல் முட்டியால் தட்டினான்.

காலடிகள் கதவுவரை வந்தன. நின்றன. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிட்டார்கள்.

அப்போதுதான் அவள் போன நாளின் காலைப்பொழுது நினைவில் திரும்பி வந்தது. அவன் முட்டை உரித்துக்கொண்டிருந்தான். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல் தாண்டினாள். மத்தியானம் சாப்பாடு கொண்டுவரட்டுமா என்று இவன் கேட்டதற்கு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"கொண்டா. கதவு சாத்தியிருந்தாலும் தட்டு. தட்டக் கூடாதுங்கிறதெல்லாம் காலேஜ்காரங்களுக்குத்தான். நீ என்ன காலேஜா?"