கம்பத்துக்கு அப்பால்

படத்தில் இருந்தது இவ்வளவுதான்: வெள்ளைவெளேரென்ற சேற்றுவெளி, அதே வெள்ளையில் வானம், நடுவில் ஒற்றைக் கம்பம். கம்பத்தடியில் கடுகளவு கறுப்புப் புள்ளி. அந்தக் கடுகு அவன் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். அவளை எடுத்த கடைசிப் படம் அதுதான்.

பிரிண்ட் கடைக்காரர் பெரிதாக்கிக் கொடுத்த தாளில் கம்பத்தடி காலி.

"புள்ளி எங்கண்ணே?"

"தூக்கிட்டேன்."

"நான் தூக்கச் சொன்னது இந்த ஓரத்துல இருக்கிற அழுக்கை. அது அப்படியே இருக்கு. நீங்க என் பொண்டாட்டியைத் தூக்கிட்டீங்க."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் இப்படித்தான். படத்தைக் கண்காட்சிக்கு எழுதிப் போட்டதுகூட மச்சினிதான். கண்காட்சியின் தலைப்பு 'விடுதலை'. "உங்க படத்துல ஒண்ணுமே இல்லையே மாமா, பொருத்தமா இருக்கும்" என்றாள். மாலைக்குள் மாட்டியாக வேண்டும்.

கடைக்காரர் நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பூதக்கண்ணாடியை நகர்த்தினார்.

"ஃபிலிமை யாரு கழுவினது?"

"நான்தான். அவ போனப்புறம்."

"டப்பாவைத் தட்டினீங்களா?"

கழுவுகிற மருந்தை ஊற்றியதும் ஃபிலிம் டப்பாவை மேசையில் நாலு தட்டு தட்டவேண்டும். இல்லாவிட்டால் ஃபிலிமில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். கல்லூரிக் காலத்திலிருந்து கை தானாகச் செய்கிற வேலை. அன்று அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கம்பத்தடியில இருக்கிறது காம்பஸ் வெச்சுப் போட்ட வட்டம், தம்பி. குமிழி. எந்த மனுஷனும் இவ்வளவு உருண்டையா இருக்கமாட்டான், என்னையும் சேத்து." தொந்தியைத் தட்டிக்கொண்டார். "ஓரத்துல பாருங்க. இதுக்குக் காலு இருக்கு. ஒரு கையையும் தூக்கியிருக்கு. எனக்கு அழிக்க மனசு வரல."

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை. எட்டு மாதமாக ஒரு குமிழியோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று "கம்பத்துக்கிட்ட போய் நில்லு" என்று கத்தினான். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்க படத்துல நான் கடுகுதானே, எங்க நின்னா என்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவன் வெளிச்சத்தை அளக்கத் தலையைக் குனிந்தான். குனிந்தவன் நிமிராமலே பட்டனை அழுத்தினான்.

"நில்லுன்னுதான் சொன்னேன்" என்றான் கடைக்காரரிடம்.

"எங்க வீட்லயும் அதே கதைதான்" என்றார் கடைக்காரர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஓரத்தை ஒட்டித்தானே ஃபிரேம் போடச் சொன்னீங்க?"

"வேண்டாம். அந்தப் பக்கம் இன்னும் ஒரு சாண் விடுங்க."

"அந்தப் பக்கம் படமே இல்லையே, தம்பி?"

"வெறும் தாளா இருந்தாலும் பரவால்ல" என்றான் அவன். "அவ நடக்கட்டும்."