நானூற்றுப் பன்னிரண்டு பச்சை வில்லைகள்

இந்தக் காலத்தில் எவனும் ஒரு வேலையில் இரண்டு வருடம் ஒட்டியிருப்பதில்லை. நாற்காலி சூடாவதற்குள் அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பம் போய்விடுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் அறையில் ஒருத்தி ஒன்பது வருடம் கிடந்தாள். அந்த ஒன்பது வருடமும் அங்கே விளக்கு போடவில்லை. குப்பைக்கூடை வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

அவள் வேலை இதுதான்: காற்றை உறிஞ்சியெடுத்த இரும்புப் பெட்டிக்குள் துத்தநாகத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்து, நகமளவு வில்லையில் படலம் படியவிடுவது. இரண்டு படலத்துக்கு நடுவே இன்னும் மெல்லிசாக ஒன்றை வைத்து அதில் வெளிச்சத்தை அடைப்பார்களாம். அதற்குக் கிணறு என்று பெயர். தண்ணீரும் இல்லை, கயிறும் இல்லை. லேசரைப் பாய்ச்சினால் ஊதாவுக்கும் அப்பாலான, கண்ணுக்குப் படாத ஒளி வர வேண்டும். இவளுக்குப் பச்சை வந்தது. பச்சை வந்தால் படலத்தில் குறை, ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். லேசரை நிறுத்திய பிறகும் அந்தப் பச்சை அணையவில்லை. தூக்கிப் போட்ட வில்லைகள் கூடையில் வருடக்கணக்கில் எரிந்தன. மூன்றாம் வருடம் பச்சை அவள் விரல்களில் ஏறியது, சோப்புக்குப் போகவில்லை. சினிமாவில் பின்சீட்டுக்காரர் "செல்போனை அணைங்கம்மா" என்றார். வெறுங்கையைத் தூக்கிக் காட்டினாள். "அப்போ கையை அணைங்க" என்றார். கூட வேலை செய்தவர்கள் பச்சையம்மா என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அடுத்த வில்லையைக் கழுவப் போய்விடுவாள்.

ஒன்பதாம் வருடம் துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் பச்சை போகாவிட்டால் பெட்டி வேறு குழுவுக்கு, அவள் வீட்டுக்கு. பெட்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை. பிறகு குழாயைத் தடவிக்கொண்டே சுவர் தாண்டி வெளியே வந்தாள். ஆக்சிஜன் சிலிண்டர்கள் அங்கேதான் நிற்கும். அவற்றுக்குப் பொறுப்பு நான்.

"அண்ணே, இந்த வால்வை யாரு இறுக்குனது?"

"நான்தான். தினமும் காலையில ஒரு திருகு. படிச்சவங்க எதை ஒழுங்கா மூடுறீங்க?"

"ஒம்பது வருஷமாவா?"

"ஒரு நாள்கூடத் தவறல."

உள்ளே அவர்களுடைய மீட்டர் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருந்ததாம். மீட்டரை நம்பினால் அப்படித்தான். அறைவாள் என்று நினைத்தேன். பச்சை விரலால் வால்வை முழுக்கத் திறந்தாள். "இனிமே இதைத் தொட்டீங்க, உங்களையும் கூடையில போட்டுருவேன்" என்றாள்.

மாதக் கடைசி நாள் மத்தியானம் நானூற்றுப் பதின்மூன்றாவது வில்லை தயாரானது. கூடையைப் போர்வையால் மூடிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். லேசரைப் பாய்ச்சினாள். வில்லை இருந்த இடம் இருட்டாகவே இருந்தது. ஒளியை அளக்கும் கருவியின் திரையில் மட்டும் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்தது. துறைத்தலைவர் கை தட்டினார். பெட்டி இனி உன்னுடையதுதான் என்றார். அவள் சத்தம் போட்டு அழுதாள்.

"வந்துருச்சுண்ணே!"

"எங்கேம்மா?"

"உங்க மேலதான் படுது."

ஜன்னலே இல்லாத அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது, வில்லையைப் பார்த்திருந்த பக்கத்துக் கன்னம் எல்லோருக்கும் கறுத்திருந்தது. துறைத்தலைவருக்கு இடது, எனக்கு வலது. அது வெளுக்கவே இல்லை. அடையாள அட்டைக்குப் புதிதாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் சிலிண்டர் தூக்குகிறவனுக்குக் கறுக்கத்தான் செய்யும் என்று கேட்டவர்களிடம் சொல்லிவிட்டு, காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு நடந்தேன்.