கதவைச் சாத்தினால் ஒரு சுற்று

எனக்குப் பக்தி அதிகம் கிடையாது. காலையில் நாலு இட்லி வேண்டும், அவ்வளவுதான். திருவூடல் தெருவில் என் வாடகை சைக்கிள் கடைக்கு நேர் எதிரே இருசப்பன் வீடு. முன்கட்டில் இட்லிக் கடை, பின்கட்டில் குடித்தனம். அவன் மனைவி ஆதிலட்சுமி அவிக்கும் இட்லிக்கும் அரைக்கும் மல்லாட்டைச் சட்னிக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர்கள் நடந்து வருவார்கள். மல்லாட்டை என்பது வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் பிறந்தவன் எவனும் அதை வேர்க்கடலை என்று சொல்ல மாட்டான்.

அந்தக் கடையில் யாருக்கு என்ன வேலை என்பதில் குழப்பமே இல்லை. மாவு ஆட்டுவது, அவிப்பது, சட்னி, சாம்பார், அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஆதிலட்சுமி. ஒரு ஈடு வெந்ததும் இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பது இருசப்பன். குண்டான் பெரியது. அடியில் கால்வாசிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதை இறக்கிவிட்டு, அடுத்த ஈடு வேகும் வரை வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பான். பேச்சில் கெட்டிக்காரன்.

வாரத்துக்கு ஒரு தடவை சண்டை வரும். வியாபாரம் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் வரும். ஆதிலட்சுமி அதில் கண்டிப்பானவள். உளுந்து வாங்கி வரச் சொன்னால் அரசியல் பேசிவிட்டு வெறுங்கையோடு வருவான். தங்கச்சி வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சட்னியைப் பாத்திரத்தோடு கொடுத்தனுப்புவான். அவள் நாலு வார்த்தை பேசுவாள், அவன் ஆறு வார்த்தை பேசுவான், அவள் அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ்போடுவாள்.

இதில் இருசப்பனுக்கு ஒரு வழி இருந்தது. மாட்டுப்பொங்கல் அன்று எங்கள் தெருவில்தான் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி வெளியிலேயே தங்கி, மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வருவார். சமாதானம் ஆகிவிடும். இதைப் பிறந்ததிலிருந்து வாசலில் நின்று பார்த்தவன் இருசப்பன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் கதவைத் தட்டியிருப்பான், இல்லை உதைத்திருப்பான். இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவான். ஒன்பது மைல். நாலு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது கதவு ஒருக்களித்திருக்கும். உள்ளே சோறு மூடி வைத்திருக்கும்.

"சாமியே அப்படித்தானண்ணா பண்றாரு" என்பான் என்னிடம்.

"சாமிக்குத் தூது போக ஆள் இருக்குது. உனக்கு?"

"நமக்குக் கால் இருக்குது."

பத்து வருஷம் இப்படியே ஓடியது. யாருக்கும் நஷ்டம் இல்லை. எண்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் அருணகிரி சார் குறுக்கே வந்தார்.

அருணகிரி சார் தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்கால் பக்கம் வீடு. முப்பது வருஷம் மனு வாங்கியவருக்கு வீட்டில் மனு கொடுக்க யாரும் இல்லை; பக்தியில் இறங்கிவிட்டார். அந்தக் காலத்தில் மலை சுற்றும் பாதையில் புளியமரமும் மாடும் இரண்டு மூன்று சாமியார்களும்தான் இருப்பார்கள். அங்கே வெயிலில் ஒரு குடும்பஸ்தன் தனியாக நடப்பதைப் பார்த்திருக்கிறார். அந்த வாரம் இருசப்பன் தங்கச்சி மகள் கல்யாணம் பற்றிய சண்டை. ஐந்து நாள் தொடர்ந்து நடந்தது. ஐந்து நாளும் சார் பார்த்துவிட்டார்.

"ஏதாவது வேண்டுதலாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

சர்க்காரில் இருந்த பெரிய மனிதரிடம் பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? "ஆமாங்க சார்" என்றிருக்கிறான்.

அத்தோடு விட்டிருக்கலாம். சார் ஒரு சபை ஆரம்பித்தார். அதில் ஓய்வு பெற்றவர்கள் எட்டுப் பேரும் ஜவுளிக்கடை அப்பாசாமியும் சேர்ந்தார்கள். இருசப்பனுக்கு முன்னால் நடக்க ஓர் ஆள், பின்னால் தாளம் போட ஓர் ஆள். பத்து மணி வெயில் வயசானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று விடியற்காலைக்கு மாற்றினார்கள். கழுத்தில் மாலையும் போட்டார்கள். நம் ஆளுக்கு அந்த மாலையின் ருசி பிடித்துவிட்டது. சண்டை இல்லாத நாளிலும் கிளம்ப ஆரம்பித்தான். இட்லிக் கடையில் கூட்டம் நெரியும் ஆறு மணிக்கு அவன் அடியண்ணாமலையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான்.

"குண்டான யாருடா இறக்கறது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவளே சமாளிச்சிக்கிறாண்ணா. பலசாலி."

பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் சமாளிக்கவில்லை. குண்டான் சரிந்து, கொதிக்கும் தண்ணீர் வலது கையில் முழங்கை வரை கொட்டிவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். சாப்பிட வந்த கண்டக்டர் ஒருவர் பையிலிருந்து மை பாட்டிலை எடுத்துக் கை முழுக்க ஊற்றினார். எங்கள் ஊரில் தீக்காயத்துக்கு அப்போது அதுதான் முதல் வைத்தியம். நீலக் கையோடு அவள் வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பத்து மணிக்கு இருசப்பன் மாலையோடு வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"மை ஊத்திட்டீங்க இல்ல? சரியாப் போயிடும்" என்றான். கதவைப் பார்த்தான். மாலையைக் கழற்றி என் சைக்கிள் ஒன்றின் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு மறுபடி மலையைச் சுற்றப் போனான்.

திரும்பியபோது மணி மூன்று. கதவு திறக்கவில்லை. கணக்கில் எங்கோ பிசகிவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பினான். ஒரே நாளில் மூன்று சுற்று என்ற செய்தி வேங்கிக்கால் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று என் கடை பெஞ்சில் படுத்தான்.

மறுநாள் பின்சந்து வழியாக அடுக்களை ஜன்னலுக்கு நான் தூது போனேன். பசி ஒரு காரணம். ஆதிலட்சுமி இடது கையால் சின்னச் சட்டியில் எனக்கு மட்டும் நாலு இட்லி அவித்துக் கொடுத்தாள். இட்லி கொஞ்சம் கோணலாக இருந்தது. சொல்லவும் சொன்னேன்.

"இன்னாம்மா வேணும் உனக்கு? அவன் இன்னா பண்ணா திறப்பே?"

"அவருக்கே தெரியணும்ணா."

"சொன்னாத்தானே தெரியும்?"

"சொல்லிக் கேட்டா அது எதுக்கு?"

இருசப்பனிடம் வந்து சொன்னேன். யோசித்தான். உளுந்து வாங்கி வந்து வாசலில் வைத்தான். திறக்கவில்லை. இன்னொரு சுற்று போனான். பாதம் வெடித்து, நொண்டி நொண்டி வந்தான். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு அவன்மேல்தான் பரிதாபமாக இருந்தது. அன்று இரண்டு தடவை பின்சந்து வழியாகப் போய் அவளைத்தான் திட்டினேன். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்றேன். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அருணகிரி சார் நாற்பது பேரோடு தெருவுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் பாராட்டு விழா. 'கிரிவலச் செம்மல்' பட்டம். தம்பதியாக மேடையில் உட்கார வேண்டும் என்று நோட்டீஸே அடித்துவிட்டாராம். தாளம் நின்றது. சார் கதவைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சாதாரண மனுஷர் இல்ல. ரெண்டு நாள்ல நாலு சுத்து. இப்பேர்ப்பட்டவரை வாசல்ல நிறுத்தலாமா? நீங்க படிச்சவங்களா இல்லாமப் போனாலும்—"

கதவு சும்மா இருந்தது. இருசப்பன் முகத்தைப் பார்த்தேன். நாற்பது பேருக்கு நடுவில் இரண்டு மாலை போட்டுக்கொண்டு, சொந்த வீட்டுப் படியில் ஏற வழியில்லாமல் நின்றான்.

"சார், நிறுத்துங்க" என்றான். "எல்லாரும் கேளுங்க. நான் வேண்டிக்கிட்டு ஒண்ணும் சுத்தல. இவ கதவச் சாத்துவா, நான் போயி ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். பத்து வருசமா இதான். பக்தி கம்மி, பயம் ஜாஸ்தி. போங்க."

"அடக்கம், அடக்கம்" என்றார் சார் கூட்டத்தைப் பார்த்து.

"அடக்கம் இல்லீங்க சார். இந்த அண்ணனைக் கேளுங்க."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. "வாஸ்தவம்" என்றேன்.

சார் முப்பது வருஷம் வாங்கிய மனுவெல்லாம் பொய் மனு என்று தெரிந்தவர் போல இருந்தார். தாளக்காரர் முதலில் கிளம்பினார். அப்பாசாமி பாதித் தூரம் போய்த் திரும்பி வந்து, "கோயில் மாலை, வீணாப் போகக் கூடாது" என்று இரண்டையும் கழற்றிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் தெரு காலி.

இருசப்பன் கதவைப் பார்த்தான். ஊரறிய இவ்வளவு சொன்ன பிறகு திறக்கும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். திறக்கவில்லை.

மறுபடி சுற்றப் போவான் என்று பார்த்தேன். கால் ஓடவில்லை போலிருக்கிறது. படியில் உட்கார்ந்து வெடித்த பாதத்தைத் தடவினான். தடவும்போது ஸ்ஸ் என்றான். அப்படியே கை நின்றுவிட்டது. எழுந்து கதவில் நெற்றி படுமாறு நின்றுகொண்டான். யாருக்கும் கேட்கக் கூடாது என்றுதான் பேசினான். தெரு அமைதியாக இருந்ததால் எனக்குக் கேட்டது.

"லட்சுமி. கை ரொம்ப வலிக்குதா?"

தாழ்ப்பாள் உடனே விலகவில்லை. இடது கையால் எடுக்க நேரமாகும் அல்லவா. கதவு திறந்தது. அவள் வலது கை முழங்கை வரை கொப்புளம் உடைந்து, மையும் சதையுமாக இருந்தது.

"வலிக்குது" என்றாள். மூன்று நாளாக அழாதவள் அதைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். இருசப்பன் அந்தக் கையைப் பிடிக்கப் போய், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தன் இரண்டு கையையும் அதற்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக என் கடையிலிருந்து ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆதிலட்சுமி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "வரேன்ணா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாளில் மூன்று தடவை அவளிடம் போய்வந்தவன் நான். வாய் ஓயாமல் நியாயம் பேசினேன். அந்த ஒரு கேள்வி எனக்கும் தோன்றவில்லை.